பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது!

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில குறிப்புகளையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



போன முறை இதே மேடையில் ஒரு டாக்டர் மூட்டுவலி பற்றிப் பேசினார். இன்று கம்ப்யூட்டர் பற்றிப் பேச என்னை நிற்க வைத்திருக்கிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதனால் பெரிய பெரிய விஷயமெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு கோளாறு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தக் கோளாறால் நான் செய்த ஒரு தப்பு. இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் பல பழைய கம்ப்யூட்டர்கள் அதற்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனசு வருமா? நம் குடியிருப்பிலேயே பல வீடுகளில் லினக்ஸ் மின்ட், உபுன்டு என்று மாறியிருக்கிறீர்கள். நம் சங்க அலுவலகத்தில் இருப்பதும் லினக்ஸ் மின்ட்தான். காசு செலவில்லை, பழைய பெட்டியிலும் நன்றாக ஓடுகிறது. எப்போதாவது ஒருநாள் மட்டும் இப்படி ஒரு வேலையைக் காட்டும்.

காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். பெயர் வருகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது. அடிக்கிறீர்கள். ஸ்கிரீன் ஒரு வினாடி கறுப்பாகிறது. அப்பாடா, உள்ளே போகிறது என்று நினைக்கும்போதே மறுபடி அதே பாஸ்வேர்டு பக்கம் வந்து நிற்கிறது. மறுபடி அடித்தால் மறுபடி கறுப்பு, மறுபடி அதே பக்கம். பத்து தடவை அடித்தாலும் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே வரும். இதை ‘லாகின் லூப்’ என்பார்கள்.

இது நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வந்தது, சென்ற ஆண்டுப் பொதுக்குழுவுக்கு மூன்று நாள் முன்னால். உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் உண்மை.

அப்போது நான் பொருளாளர். வருஷக் கணக்கு முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி, ஒவ்வொரு வீட்டு நிலுவை, எல்லாமே. பேக்கப் இருந்தது. ஆனால் அது டிசம்பர் கடைசியில் எடுத்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதக் கணக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு எங்கும் இல்லை. பேங்கில் இருந்தபோது ஒருநாள் கணக்கை எழுதாமல் வீட்டுக்குப் போனதில்லை நான். ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் பேக்கப் எடுக்காமல் இருந்திருக்கிறேன். இது முதல் தப்பு. பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அலுவலகத்தில் ரசீது போடும் பெண் எனக்குப் போன் செய்தாள். “சார், கம்ப்யூட்டர் உள்ளே போக மாட்டேங்குது” என்றாள். நான் இறங்கிப் போனேன். அங்கே கமிட்டி உறுப்பினர் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “பாஸ்வேர்டை மாத்தினியாம்மா?”

“இல்ல சார். தப்புன்னே சொல்லல சார். கறுப்பாயிட்டுத் திரும்ப இங்கயே வந்துருது” என்றாள்.

“தானா எப்படி ஆகும்? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. நீதானே முதல்ல போட்டே?” என்றேன் நான். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், “சின்னப் பசங்க எதையாவது நோண்டிடறாங்க” என்று ஒத்து ஊதினார். அந்தப் பெண் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போனது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் சொன்ன அந்த ஒரு வரியில் நோய்க்கான பாதி விடை இருந்தது. எனக்குக் காது இருந்தும் கேட்கவில்லை.

பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லும். கறுப்பாகாது. அதே பக்கத்தில் நின்றபடி, ‘பாஸ்வேர்டு தவறு, மறுபடி முயலுங்கள்’ என்று எழுதிக் காட்டும். அப்படி ஒரு வரி வராமல் ஸ்கிரீன் கறுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பாஸ்வேர்டு சரி என்று அர்த்தம். வாசலில் உள்ள ஆள் உங்களை உள்ளே விட்டுவிட்டார். உள்ளே போன இடத்தில்தான் ஏதோ நடந்து திரும்ப அனுப்பிவிட்டார்கள்.

பேங்க் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பணம் எடுக்க வந்தால் செக்கை வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, ஒரு பித்தளை டோக்கன் கொடுப்போம். நீங்கள் டோக்கனோடு கேஷ் கவுண்டருக்குப் போவீர்கள். கையெழுத்து சரியாக இருந்தும் கேஷ் கவுண்டரில் பணம் வரவில்லை என்றால், திரும்ப வந்து கையெழுத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டி என்ன பயன்? கோளாறு கேஷ் கவுண்டரில். லினக்ஸிலும் அப்படித்தான் இரண்டு கட்டம். முதலில் அடையாளம் சரிபார்ப்பது. பிறகு உங்கள் பெயரில் மேசையை விரிப்பது: உங்கள் படம், ஐகான்கள், மெனு எல்லாம் எடுத்து வைப்பது. லாகின் லூப் வந்தால் முதல் கட்டம் நன்றாக இருக்கிறது, இரண்டாவது கட்டத்தில் மேசையை விரிக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. கேஷ் கவுண்டர் மூடியிருக்கிறது என்பதற்காக உங்கள் கணக்கில் இருந்த பணம் போய்விடுமா?

ஆனால் அன்று மதியம் வந்த ரிப்பேர்க்காரர் இரண்டு தடவை பாஸ்வேர்டு அடித்துப் பார்த்துவிட்டு, “ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை” என்றார். மூன்று மாதக் கணக்கு? “அது போயிடும் சார்” என்றார் சாதாரணமாக. கமிட்டியில் பாதிப் பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு ராத்திரி டைம் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால் எனக்கு ஒரு பழைய ஞாபகம். 1984ல், வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் சாயங்காலம் கேஷில் 270 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. எல்லோரும் வாய் திறக்காமல் பணப்பெட்டி தூக்கிய பியூன் பக்கமே பார்த்தோம். எங்கள் ஹெட் கிளார்க் யாரையும் பார்க்கவில்லை. “270ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்க. மீதி இல்லாமல் வகுபடுதா? அப்போ எங்கேயோ எண்ணை மாத்தி எழுதியிருக்கோம்” என்றார். தேடினோம். 630 ரூபாய் வவுச்சர் ஒன்றை 360 என்று பதிந்திருந்தது. பதிந்தது நான். வித்தியாசம் வந்தால் ஆளைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார் என்று அன்று படித்த பாடம். நாற்பது வருஷம் கழித்து மறந்துபோனேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை, அப்போது தைரியம் வரவில்லை. “நான் தட்டறேன், நீ ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்லும்மா” என்று மட்டும் சொன்னேன். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசைதான்.

பின்வாசல்

முன்வாசல் திறக்கவில்லை என்றால் லினக்ஸில் பின்வாசல் உண்டு. பாஸ்வேர்டு பக்கத்தில் இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் பொத்தானையும் சேர்க்க வேண்டும். படம் எல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். பயப்பட வேண்டாம். பயனர் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். பிறகு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூட வராது, எழுத்து விழவில்லையே என்று நினைக்காதீர்கள். அடித்து முடித்து என்டர் தட்டினால் உள்ளே போய்விடுவீர்கள்.

நாங்களும் போனோம். அதே பெயர், அதே பாஸ்வேர்டு. முதல் தடவையிலேயே உள்ளே விட்டது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டேன்.

பழைய படப் பக்கத்துக்குத் திரும்ப மின்ட்டில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7. வேறு சில வகைகளில் எஃப்1 அல்லது எஃப்2.

இனி நான் சொல்லும் கட்டளைகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து என்று நான் சொன்னால் மட்டும் பெரிய எழுத்து. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு.

முதல் சோதனை: இடம் இருக்கிறதா?

டி, எஃப், ஒரு இடைவெளி, மைனஸ், ஹெச். இதைத் தட்டி என்டர் அடித்தால் டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சதவீதத்தில் வரும். கடைசிப் பத்தியில் ஒரு சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். ஹோம் என்று தனி வரி இருந்தால் அதையும் பாருங்கள். 100 என்று இருந்தால் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிட்டது. மேசையை விரிக்கும்போது கம்ப்யூட்டர் சில சின்னச் சின்னக் குறிப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடும்.

முழுக்க நிரம்பிய பிறகு எப்படி வேலை செய்ய முடிகிறது என்று கேட்பீர்கள். லினக்ஸ் வழக்கமாக டிஸ்க்கில் 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும். நம் பேங்கில் ரிசர்வ் வைப்பது மாதிரி. சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்தாலும் நிர்வாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய வழி இருக்கும்.

எங்கள் அலுவலகப் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் இரண்டு மாதம் கழித்து பி பிளாக்கில் ஒரு அம்மாவின் லேப்டாப்புக்கு இதே லூப் வந்தது. அங்கே 100 சதவீதம். பேரன் பேத்தி போட்டோவெல்லாம் போய்விட்டது என்று கண் கலங்கியிருந்தார். போட்டோ ஒன்றும் போகவில்லை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு, சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும். அந்த நகல்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க்கை அடைத்துவிட்டன. பழையதைக் கழித்தோம். சுடோ ஆப்ட் கிளீன் என்ற கட்டளையால், இறக்கி வைத்திருந்த பழைய மென்பொருள் கட்டுகளையும் அகற்றினோம். அதாவது எஸ்-யு-டி-ஓ, இடைவெளி, ஏ-பி-டி, இடைவெளி, சி-எல்-இ-ஏ-என். கால் மணியில் உள்ளே போய்விட்டார்.

இங்கே ஒன்று கவனியுங்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும். உங்கள் ஹோம் ஃபோல்டரை, அதாவது போட்டோவையும் கணக்கையும், அது வழக்கமாகத் தொடாது. டைம்ஷிஃப்ட் இருக்கிறது, பேக்கப் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாம் சோதனை: புது ஆள்

இடம் இருக்கிறது என்றால் அடுத்து, புதிதாக ஒரு பயனரை உருவாக்கிப் பாருங்கள். சுடோ, இடைவெளி, ஆட்யூசர், இடைவெளி, பிறகு ஏதாவது ஒரு பெயர். ஆட்யூசர் ஒரே சொல்லாக ஏ-டி-டி-யு-எஸ்-இ-ஆர். முதலில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். பிறகு புதுப் பயனருக்கு ஒரு பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். மற்ற கேள்விகளுக்கு என்டர் தட்டினால் போதும். இப்போது படப் பக்கத்துக்குத் திரும்பி அந்தப் புதுப் பெயரில் உள்ளே போக முயலுங்கள்.

புது ஆள் உள்ளே போய்விட்டால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள். புது ஆளும் சுற்றிச் சுற்றி வந்தால் கோளாறு சிஸ்டத்தில். பெரும்பாலும் படம் காட்டும் டிரைவரில். தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையில் பாதியாகக் குறைந்துவிடும். ஃபார்மட் என்று யாராவது சொன்னால், “புதுப் பயனர் போட்டுப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள்.

எங்களுக்குப் புது ஆள் ஜம்மென்று உள்ளே போனான். ஃபார்மட் தேவையில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ராத்திரி எட்டு மணி. போய் இரண்டு டீ வாங்கிவந்தேன்.

மூன்றாம் சோதனை: யார் பெயரில் இருக்கிறது?

மறுபடி பின்வாசலில், எங்கள் பழைய பெயரில் போனோம். எல், எஸ், இடைவெளி, மைனஸ், எல், ஏ. இது ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் மறைந்திருப்பவை உட்படக் காட்டும். லினக்ஸில் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பித்தால் அது மறைவான ஃபைல். உங்கள் மேசை எப்படி இருக்க வேண்டும் என்ற அமைப்புகள் எல்லாம் இந்தப் புள்ளி வைத்த ஃபைல்களில்தான் இருக்கின்றன. பட்டியலில் மூன்றாவது பத்தி, அந்த ஃபைல் யாருடையது என்று சொல்லும்.

பட்டியல் நீளமாக ஓடியது. எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் விரல் வைத்துக் காட்டினாள். “சார், மத்ததுல எல்லாம் ஆபீஸ்னு நம்ம பேர் இருக்கு. புள்ளி வச்சதுல நிறைய ரூட்னு இருக்கே?”

அதுதான் கோளாறு. ரூட் என்பது லினக்ஸில் நிர்வாகியின் பெயர். பேங்க் மேனேஜர் மாதிரி, எல்லா இடத்துக்கும் போகலாம், எதையும் செய்யலாம். அவர் பெயரில் உள்ள ஃபைலைச் சாதாரணப் பயனர் மாற்ற முடியாது. சிலவற்றைத் திறந்து படிக்கக்கூட முடியாது. அதில் முக்கியமான ஒன்று, புள்ளிக்குப் பிறகு எக்ஸ்அதாரிட்டி என்ற ஃபைல். நான் சொன்ன பித்தளை டோக்கன் இதுதான். நீங்கள் உள்ளே வரும்போது ஸ்கிரீனைப் பயன்படுத்த ஒரு ரகசிய எண்ணை இந்த ஃபைலில் எழுதி வைப்பார்கள். மேசையை விரிக்கும் ஒவ்வொரு புரோகிராமும் அதைக் காட்டித்தான் ஸ்கிரீனில் படம் போட முடியும். ஃபைல் ரூட் பெயரில் பூட்டிக் கிடந்தால் புது எண்ணை எழுத முடியாது. எழுத முடியாவிட்டால் மேசை இல்லை. திரும்ப வாசலுக்கு.

சொந்த லாக்கரை மேனேஜர் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு, சாவியை வைத்துக்கொண்டு திறக்கவில்லையே என்று நின்ற கதை.

மருந்து ஒரே வரி. சுடோ, இடைவெளி, சி-ஹெச்-ஓ-டபிள்யூ-என், இடைவெளி, மைனஸ், பெரிய எழுத்து ஆர், இடைவெளி, பயனர் பெயர், முக்காற்புள்ளி போல மேலும் கீழும் இரண்டு புள்ளி, மறுபடி பயனர் பெயர், இடைவெளி, சாய்கோடு, ஹோம், சாய்கோடு, பயனர் பெயர். ‘இந்த ஹோம் ஃபோல்டரில் உள்ளதை எல்லாம் இந்தப் பயனர் பெயருக்கே மாற்று’ என்று அர்த்தம். கடைசியில் ஹோமும் உங்கள் பெயரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெறும் சாய்கோட்டோடு நிறுத்தி என்டர் தட்டினால் மொத்த சிஸ்டத்தையும் உங்கள் பெயருக்கு எழுதிவிடும், அது பெரிய வம்பு. என்டருக்கு முன்னால் பக்கத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். பேங்கில் ஒருவர் எழுத இன்னொருவர் செக் செய்வது சும்மா இல்லை.

அவள் படித்தாள், நான் தட்டினேன். எஃப்7. பாஸ்வேர்டு. ஸ்கிரீன் கறுத்தது. பிறகு நம் நுழைவாயில் தோரண வளைவு போட்டோவோடு மேசை விரிந்தது. மூன்று மாதக் கணக்கும் இருந்தது. முதல் வேலையாகப் பென் டிரைவில் நகல் எடுத்தோம்.

யார் செய்தது?

எல்லாம் சரியானதும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காலையில் நான் ஒரு குற்றச்சாட்டு வைத்திருந்தேன், இரண்டு சாட்சிகள் முன்னிலையில். அதை முடிக்காமல் எப்படிப் போவது?

நாம் காமர்ஸில் படித்த ஜர்னல் ஞாபகம் இருக்கிறதா? எது நடந்தாலும் தேதிவாரியாக முதலில் ஏறுகிற ஏடு. லினக்ஸிலும் அதற்கு ஜர்னல் என்றே பெயர். யார் எப்போது நிர்வாகி அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதில் ஏறும். பார்த்தோம். புதன்கிழமை ராத்திரி 9 மணி 40 நிமிடத்துக்கு ஃபைல் மேனேஜர் ரூட் அதிகாரத்தில் திறக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் அலுவலகச் சாவி இருந்த ஒரே ஆள் நான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதன் ராத்திரி நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்கிரீனின் அடிப்பட்டை எப்படியோ காணாமல் போயிற்று. பழைய அமைப்பு பேக்கப்பில் இருக்குமே என்று, டிசம்பரில் எடுத்த நகலிலிருந்து புள்ளி வைத்த ஃபைல்களை எடுத்து மேலே போட்டேன். ‘அனுமதி இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், ரைட் கிளிக் செய்து ‘ரூட்டாகத் திற’ என்று கொடுத்து, எல்லாவற்றையும் மாற்று என்று சொல்லிவிட்டேன். ரூட்டாகப் போய் நகல் எடுத்தால் ஃபைல் ரூட் பெயரில்தான் விழும். அடிப்பட்டையும் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் முதலில் சுவிட்சைப் போட்டது அவள். மாட்டிக்கொண்டதும் அவள்.

அந்த வரியை அவளும் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. “நான்தாம்மா” என்றேன். “பரவால்ல சார்” என்றாள். மறுநாள் அந்த இரண்டு உறுப்பினர்களையும் அழைத்து, அவள் இருக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு அவளிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். சம்பளம் கொடுக்கிற இடத்தில் ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தால், ஆதாரம் தேடித் தங்களை நிரூபிக்க அவர்களுக்கு வழி கிடையாது. தேட வேண்டியது நாம். அந்த ராத்திரி ஃபார்மட் செய்திருந்தால் கணக்கோடு அந்த 9 மணி 40 நிமிட வரியும் அழிந்திருக்கும். பழி அவள் மேலேயே நின்றிருக்கும்.

புது ஆளும் உள்ளே போகாவிட்டால்

அப்போது சிஸ்டத்தைப் பார்க்க வேண்டும். சமீபத்தில் அப்டேட் போட்டீர்களா? கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ஒரு படி பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் சரியாகப் போனால் புது அப்டேட்டுக்கும் உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. என்விடியா கார்டு உள்ள பெட்டிகளில் இது வரும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லலாம். இதை ரிப்பேர்க்காரரிடம் விடுவதில் தவறில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்புவீர்கள்.

இன்னொன்று, பாஸ்வேர்டு பக்கத்திலேயே ஒரு சின்ன ஐகான் இருக்கும், சிலதில் பல்சக்கரம் போல. எந்த வகை மேசை வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். கை தவறி வேறொன்று தேர்வாகியிருந்தாலும் லூப் வரும். செலவில்லாத சோதனை, முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எதுவுமே நடக்கவில்லை, ஃபார்மட்தான் வழி என்று வந்தாலும் அவசரம் வேண்டாம். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே நேராக ஓடவிடலாம். அப்படி ஓடவிட்டு, உள்ளே உள்ள டிஸ்க்கைத் திறந்து, உங்கள் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் அதற்கான பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும்.

பீரோ கதவில் ஒட்டிக்கொள்ள

1. ‘தவறு’ என்று எழுதிக் காட்டினால் பாஸ்வேர்டு தப்பு. கறுத்துவிட்டுத் திரும்பினால் பாஸ்வேர்டு சரி.
2. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. பின்வாசல் வழியாகப் போ.
3. டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பார்.
4. புதுப் பயனர் போட்டுப் பார்.
5. உன் ஃபைல் உன் பெயரில் இருக்கிறதா பார்.
6. நகல் எடுக்காமல் ஃபார்மட் கிடையாது.
7. கம்ப்யூட்டர் ‘அனுமதி இல்லை’ என்றால், ரூட்டாகத் திறப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

ஏழாவது எனக்காக எழுதிக்கொண்டது. உங்களுக்கும் உதவலாம்.

இப்போது சங்கக் கணக்குக்கு வாரம் ஒருமுறை, சனிக்கிழமை நாலு மணிக்கு பேக்கப் எடுக்கிறோம். எடுப்பது அவள், கையெழுத்துப் போடுவது பொருளாளர். அதற்கென்று நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று அலுவலக மேசை மேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் இந்தச் சுற்றல் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். டீ போட்டு வையுங்கள். கூடவே எழுத்து நன்றாகத் தெரியும் ஒரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.